புதுப்பிப்பு: பழைய போர் விமானச் செயற்கை அடிவானக் கருவி ஓடுகிறது

பழைய போர் விமானத்தின் செயற்கை அடிவானக் கருவியை (விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று விமானிக்குக் காட்டுவது) மேசைமேல் வைத்து இயக்குவது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது 400 ஹெர்ட்ஸ் இன்வெர்ட்டர் யோசனைதான். உள்ளே இருக்கும் கைரோ (வேகமாகச் சுழன்று தன் திசையை மாற்றாமல் வைத்திருக்கும் சக்கரம்) மோட்டாருக்கு 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும்; வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது; அதனால் அது மட்டும் போதாது. 28 வோல்ட் டிசி கொடுத்து, அதை இந்த மின்சாரமாக மாற்றும் விமான இன்வெர்ட்டரை ஓட்டினேன். கைரோ வேகம் பிடிக்கப் பிடிக்க, சாய்ந்து கிடந்த அடிவானக் கோடு மெல்ல நிமிர்ந்தது. அத்தனை அழகு!

எதிர்பாராத விஷயம் ஒன்று: கருவியின் முகப்பில் இருட்டில் கொஞ்சமும் ஒளிராத குறிகள், கைகர் கவுண்ட்டரை (கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி) வைத்ததும் படபடவென்று சத்தம் கொடுத்தன. ரேடியம் பெயின்ட்: கதிரியக்க ரேடியத்தை ஒளிரும் பொருளோடு கலந்து பூசியது. ஒளிரும் பொருள்தான் காலப்போக்கில் செயலிழக்கிறது; ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். குறிகள் ஒளிராவிட்டாலும் கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. அதனால் கண்ணாடியைக் கழற்றவில்லை. நீங்களும் கழற்ற வேண்டாம்.