எழும்பூர் மியூசியத்தில் புத்தர் சிலைகளை விளக்க ஒருவர் வேண்டும்

வியாசர்பாடியில் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறோம். கூட வந்து தமிழில் விளக்க யாராவது இருக்கிறீர்களா?

முக்கியமாக அமராவதி கற்கள், அதாவது ஆந்திராவின் அமராவதியில் இருந்த பழைய பௌத்த ஸ்தூபியின் சிற்பங்கள். பழைய சிற்பங்களில் புத்தரையே செதுக்காமல் பாதச்சுவடு, போதிமரம், காலி ஆசனம் என்று காட்டியிருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணிலிருந்து கிடைத்த செப்புத்திருமேனிகள், தலையில் தீச்சுடரோடு இருக்குமே, அவைதான். சோழர் காலத்திலும் நம் கடற்கரையில் பௌத்தம் செழித்திருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா!

பெரும்பாலும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், நிறையக் கேள்வி கேட்பார்கள். தொல்லியல், சிற்பக்கலை படித்தவர்கள், மாணவர்களானாலும் சரி, கமெண்டில் சொல்லுங்கள். போக்குவரத்து, சாப்பாடு எங்கள் பொறுப்பு.