மறு: கன்ட்ரோல் குரூப் – கட்டுப்பாட்டுக் குழுவா, பட்டியா?

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை கணினி வகுப்புக்குத் தாள் அச்சடிக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் நிரல்களை (செயல்முறைகளை) ஒன்றாக அடைத்து வரம்பு வைக்கும் வசதிதான் 'கன்ட்ரோல் குரூப்'. அதற்குள் அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்பதால்தான் மறுபடி எழுதுகிறேன்.

நம் குழுமத்தில் ரோஸ்ஹில் ஊர் அண்ணா சொன்ன 'கட்டுப்பாட்டுக் குழு'வைப் போன வாரம் பலகையில் எழுதினேன். உடனே ஒரு பையன், "சார், அதுல தலைவர் யாரு?" என்றான். அவன் அப்பா கோவில் கமிட்டியில் இருக்கிறார். குழு என்றால் அவனுக்கு மேசை போட்டு உட்கார்ந்து மற்றவர்களைக் கட்டுப்படுத்துகிறவர்கள். தப்பு அவனிடம் இல்லை, தொகையில் இருக்கிறது. கட்டுப்பாட்டைச் செலுத்தும் குழு என்றும் விரிக்கலாம், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட குழு என்றும் விரிக்கலாம். இரண்டு சொல்லுக்கு நடுவே உருபும் அதன் பொருளை விளக்கும் சொல்லும் சேர்ந்து மறைந்தால் (உருபும் பயனும் உடன்தொக்கால்) இதுதான் வம்பு.

இன்னொன்று. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 'பிராசஸ் குரூப்' (செயல்முறைக் குழு) ஏற்கெனவே இருக்கிறது. கன்ட்ரோல்-சி தட்டினால் முனையத்தில் (கட்டளை தட்டும் திரையில்) முன்னால் ஓடும் குழு முழுவதற்கும் நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை போகும். ஆனால் அதில் பிறந்த செயல்முறை, வேண்டுமானால் தனிக்குழு வைத்துக்கொண்டு பிரிந்துவிடலாம். கன்ட்ரோல் குரூப்பில் அது நடக்காது. உள்ளே பிறந்ததும் உள்ளேதான். உரிமை இல்லாமல் வெளியேற முடியாது. மொத்தத்துக்கும் சேர்த்து நினைவகம் இவ்வளவு, சிபியு நேரம் இவ்வளவு என்று அளந்து விடலாம். வகுப்பில் உலாவிக்கு (பிரவுசருக்கு) 500 எம்பி வரம்பு வைத்துப் பார்த்தோம். பையன்கள் தாவல் (டேப்) மேல் தாவலாகத் திறக்க, இயங்குதளத்தின் கருவான கெர்னல் உலாவியின் செயல்முறை ஒன்றை அடித்துப் போட்டது. அதே கணினியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நிற்கவே இல்லை.

அதனால் என் சொல் 'பட்டி'. ஆட்டுப்பட்டியில் வருகிற பட்டி. ஈன்ற குட்டியும் பட்டிக்குள்தான், தீனியும் பட்டிக்கு இவ்வளவுதான். மோக்கா ஊர் ஐயா 'நிரை'யில் தொடங்கி, நிரை கவர்வதும் மீட்பதுமான வெட்சி, கரந்தைத் திணைகள் வரை போய்விட்டார். ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் நிரை என்பது மாடுகள். இங்கே விஷயமே வேலிதான்.

இந்தப் பட்டிகளை நிர்வகிக்கும் நிரலுக்குக் 'கங்காணி' (தோட்ட மேற்பார்வையாளர்) என்று ஒருவர் சொல்லியிருந்தார். வேண்டாம். கங்காணி இலங்கை, மலாயாக் கதை. மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்தில் நம் பாட்டன்மார் தலைக்குமேல் நின்றவர் சர்தார். இரண்டு பெயரும் பிள்ளைகள் வாயில் மென்பொருளுக்குப் பெயராக வர எனக்கு மனம் வரவில்லை. 'மேலாளர்' போதும்.

வைத்த பெயரை மாற்றலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கியபோது இதன் பெயர் 'பிராசஸ் கன்டெய்னர்'. கன்டெய்னர் பல பொருளில் புழங்கிக் குழப்பியதால் 2007-இல் அவர்களே மாற்றினார்கள். 2008 ஜனவரியில் லினக்ஸ் கெர்னலின் 2.6.24 பதிப்பில் புதுப் பெயரோடுதான் வந்தது.

*

ரோஸ்ஹில் அண்ணாவின் பதில்: தம்பி, தலைவர் கேள்வி நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணிப்பட்டி (டாஸ்க்பார்), கருவிப்பட்டி (டூல்பார்) என்று திரையில் ஏற்கெனவே இரண்டு பட்டி கிடக்கிறதே, அதற்கு என்ன பதில்? அப்புறம், வீட்டில் கிரியோல் பேசும் நம் பிள்ளைகள் ஆட்டுப்பட்டியை எங்கே பார்த்தார்கள்? 'குரூப்' அவர்கள் வீட்டுச் சொல்; குழு என்றால் உடனே ஒட்டிக்கொள்ளும். 'கட்டுறு குழு' என்று வைத்தால் கட்டுப்படுவது யார் என்பதும் தெரிந்துவிடும். பட்டிக்கு நான்கு பேர் சரி சொல்லிவிட்டார்கள், அச்சடியுங்கள். பக்கத்திலேயே கட்டுறு குழுவையும் போடுங்கள். எனக்கு இன்னும் சம்மதம் இல்லை.

ரோஸ்ஹில்