ரெட் ஹனி கோப்பிப் பச்சைக்கொட்டை: வெளியே கறுக்கிறது, உள்ளே வேகவில்லை

கெப்போங் வறுவல்:
கோஸ்தா ரிக்கா சிறு விவசாயிகள் கூட்டுறவு ஒன்றின் ரெட் ஹனி, 2 கிலோ. கொட்டைமேல் செம்பழுப்புத் தோல் ஒட்டியிருக்கிறது. காகிதப் பையைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது. சிறிய டிரம்மில் 200 கிராம், 200 டிகிரியில் போடுகிறேன்; 6 நிமிடத்தில் முதல் வெடிப்பு (கொட்டை படபடவென வெடிக்கும் சத்தம்). வெளியே கறுத்து, குடித்தால் புல் வாடை. கொட்டையில் பழுதா, வறுவலிலா?

பினாங்கு பல்ப்பர்:
நிறத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். ஹனியில் தேன் எதுவும் சேர்ப்பதில்லை. பழத்தோலை உரித்துவிட்டு, கொட்டையைச் சுற்றியுள்ள வழுவழுப்பைக் கழுவாமல் அப்படியே காயவைப்பார்கள். அதனால்தான் அந்தச் செம்பழுப்பு, இயல்பானது. பார்க்க வேண்டியது உள்ளே. பத்துக் கொட்டையைக் குறுக்கே வெட்டுங்கள். சாம்பல் கலந்த பச்சையாக இருந்தால் நல்ல சரக்கு. நடுவரை பழுப்பேறி, கீறினால் காடி வாடை வந்தால் புளித்த கொட்டை. களத்தில் முதல் ஓரிரு நாள் அடிக்கடி கிளறாமல் கட்டிகட்டியாக ஒட்டவிட்டால் இப்படி ஆகும். அதில் ஒன்று போதும், ஒரு குவளையே கெட்டுவிடும்! பொறுக்கி எறியுங்கள்.

பங்சார் வடிகட்டி:
எனக்கு அந்தக் காகிதப் பைமேல்தான் சந்தேகம். கோலாலம்பூர் காற்றில் பச்சைக்கொட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 12.5 சதவீதத்தைத் தாண்டினால் பூசணத்துக்கு வழி. வீட்டிலேயே அளக்கலாம்: 50 கிராமை 105 டிகிரி ஓவனில் 16 மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் மூடி, மூடியபடியே ஆறவைத்து எடை போடுங்கள். 44.5 கிராம் இருந்தால் ஈரம் 11 சதவீதம். ஓவன் குமிழ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், உள்ளே தனி வெப்பமானி வேண்டும்.

வறுவலும் அவசரம்தான், அண்ணே. ஈரமான கொட்டையைப் பெருஞ்சூட்டில் போட்டால் தோல் கருகும்; உள்ளே வெப்பம் ஈரத்தை விரட்டுவதிலேயே போய்விடும். 170 டிகிரியில் தொடங்குங்கள். முதல் வெடிப்பு 8½ முதல் 9 நிமிடத்துக்குள் வரட்டும். வெடிப்புக்குச் சற்று முன்பே கேஸைக் குறைத்து, அதன்பின் 80 நொடியில் இறக்குங்கள். 200 கிராம் எடை 172, 173 கிராமுக்கு வந்தால் சரி. 165க்குக் கீழே போனால் கோப்பி ஓ (கடைக் கறுப்புக் கோப்பி) பக்கம் சாய்ந்துவிடும், பழச்சுவை நிற்காது.

கெப்போங் வறுவல்:
வெட்டிய பத்தும் உள்ளே பச்சைதான். ஆனால் 50 கிராம் 43.4 ஆகிவிட்டது.

பங்சார் வடிகட்டி:
அப்படியானால் 13.2 சதவீதம். கொட்டை நல்லது, காற்றுதான் கெடுத்திருக்கிறது. வெயிலில் போடாதீர்கள், வெளுத்துவிடும். ஏசி அறையில் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, சிறு விசிறியை ஓடவிட்டு, தினமும் எடை பாருங்கள். ஒவ்வொரு கிலோவும் 981 கிராமுக்கு இறங்கினால் ஈரம் 11.5 சதவீதம். அன்றே காற்றுப் புகாத பையில் போட்டு ஒட்டிவிடுங்கள், 200 கிராம் வீதமாக. ஒருமுறை வறுக்க ஒரு பை மட்டும் திறந்தால் போதும்.