7 மாதக் குழந்தைகளுக்கான பார்வை நேரச் சோதனை: பாதி செஷன் வீணாகிறது, எதைத் திருத்துவது?

திரைக்குப்பின் (கேள்வி)

பல்கலைக்கழகக் குழந்தை வளர்ச்சி லேப். 7 மாதக் குழந்தைகளை வைத்து ஹேபிச்சுவேஷன் சோதனை (ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்கிவிட்டு, பிறகு புதியதைக் காட்டி எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளப்பது) ஓடுகிறது. அம்மா அல்லது அப்பா மடியில் குழந்தை, 60 செ.மீ. தள்ளி திரை, திரைக்குச் சற்றுக் கீழே கேமரா. பக்கத்து அறையில் ஒருவர் வீடியோவைப் பார்த்தபடி, குழந்தை திரையைப் பார்க்கும் நேரமெல்லாம் கீயை அழுத்திப் பிடிக்கிறார். பார்வை தொடர்ந்து 2 விநாடி விலகினால் அந்த ட்ரயல் (ஒரு தடவை காட்டுவது) முடியும். விலகாவிட்டால் 60 விநாடியில் முடியும். பழக்கும் ட்ரயல் அதிகபட்சம் 14, பிறகு சோதனை ட்ரயல் 6. கடைசி மூன்று ட்ரயலின் மொத்தப் பார்வை நேரம், முதல் மூன்றின் மொத்தத்தில் பாதிக்குக் கீழே இறங்கினால் பழகிவிட்டதாகக் கணக்கு.

வந்தவர்கள் 18 பேர். தேறியது 9. அழுகையால் போனது ஆறு, 14 ட்ரயல் முடிந்தும் பழகாதது இரண்டு, அம்மா திரையைக் கைகாட்டியதால் போனது ஒன்று. இது போக, பதிவான வீடியோவைப் பார்த்துப் பார்வையைக் குறிக்கும் இரண்டு கோடர்களுக்கும் ஃப்ரேம் வாரியாக 93 சதவீதம் ஒத்துப்போகிறது, ஆனால் காப்பா (தற்செயலைக் கழித்த ஒற்றுமை அளவு) 0.61தான். ஆட்கள்: ஒருங்கிணைப்பாளர் ஒருவர், பகுதி நேர மாணவர்கள் மூவர். இன்னும் நிறையக் குழந்தைகளை வரவழைத்துச் சரிக்கட்டுவதா, முறையையே மாற்றுவதா?

வாசல்மேசை

அழுகைன்னு எழுதிவெச்ச ஆறையும் முதல்ல பிரிச்சுப் பாருங்க. எத்தனை மணி செஷன், குழந்தை தூங்கி எழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு, யார் வரவேற்றாங்க, எத்தனையாவது ட்ரயல்ல அழுதது. இந்த நாலையும் குறிச்சிருந்தா பாதி விடை அதுலயே இருக்கும். குறிக்கலைன்னா இன்னிக்கே ஆரம்பிங்க. "அழுதது"ன்னு ஒரே சொல்லுல எழுதுற பதிவால பிரயோஜனம் இல்ல.

நேரம் கொடுக்கும்போது லேப் காலியா இருக்குற நேரத்தைச் சொல்லக்கூடாது. போன்லயே கேளுங்க: காலையில எத்தனை மணிக்கு எழும், அடுத்த தூக்கம் எப்போ, பால் எப்போ. தூங்கி எழுந்து பால் குடிச்சு முடிச்ச பிறகு வர்ற தெளிவான நேரம்தான் உங்களுக்கு வேணும். அந்த வயசுல அது ரொம்ப நீளமும் இல்ல. பால் குடிச்ச கையோட உள்ளே கூட்டிட்டுப் போனா கண் சொருகும், பசியோட போனா மூணாவது ட்ரயல்லயே அழும். வண்டியில வரும்போது தூங்கிட்டு வந்து இறங்கின குழந்தையை உடனே உட்கார வைக்காதீங்க. சோதனை பத்து நிமிஷம்தான்னாலும் ஸ்லாட் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. தாமதம், டயப்பர், இன்னொரு தடவை பால், எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். அடுத்த குடும்பம் வாசல்ல காத்திருந்தா ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) அவசரப்படுவார், அந்த அவசரம் அம்மாவைத் தொத்தும், அம்மாகிட்டேயிருந்து குழந்தைக்குப் போகும்.

வந்ததும் இரண்டு பேர் வேணும். ஒருத்தர் பெற்றோர்கிட்ட கன்சென்ட் ஃபார்ம் பேச, இன்னொருத்தர் தரையில உட்கார. படிவத்தை முன்னாடியே அனுப்பிட்டா இங்க விளக்கம், சந்தேகம், கையெழுத்து மட்டும்தான். தரையில இருக்குறவர் குழந்தையைத் தூக்கக்கூடாது, முகத்துக்கு நேரா குனிஞ்சு கொஞ்சக்கூடாது. 7 மாசம்ங்கறது புது முகத்தைக் கண்டு மிரள ஆரம்பிக்கிற வயசு. பக்கவாட்டுல திரும்பி உட்கார்ந்து பந்தை உருட்டி விடுங்க, அதுவா வரட்டும். கூட அக்கா அண்ணன் யாராவது வருவாங்களான்னு போன்லயே கேட்டுக்கணும். வந்தா அந்தப் பிள்ளையைப் பார்த்துக்க மூணாவது ஆள் வேணும். நாலு வயசுப் பிள்ளை கதவைத் தட்டினாலே ஒரு ட்ரயல் போச்சு.

உள்ளே போறதுக்கு முன்னாடி டயப்பரைக் கேளுங்க. உள்ளே போனதும் விளக்கைப் பட்டுன்னு அணைக்காதீங்க, அழுகைக்கு இது பெரிய காரணம். கவனம் இழுக்கும் படத்தை முதல்ல ஓடவிட்டு, குழந்தை அதைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மெல்ல மெல்ல வெளிச்சத்தைக் குறைக்கணும். முழு இருட்டும் வேண்டாம்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டா எழுதி வெச்சு ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லுங்க. கை இடுப்புல மட்டும், அக்குள்ல பிடிச்சா தன்னையறியாம குதிக்க விடுவாங்க. பேரு சொல்லாதீங்க, கை காட்டாதீங்க, குழந்தை திரும்பி உங்களைப் பார்த்தா சிரிக்காதீங்க, தலையைத் திருப்பியும் விடாதீங்க. காரணத்தையும் சேர்த்துச் சொல்லணும்: "நீங்க எதை எதிர்பார்க்கறீங்கன்னு குழந்தைக்குத் தெரிஞ்சா, அளக்கறது உங்க அறிவைன்னு ஆயிடும்." காரணம் புரிஞ்ச அம்மா கை காட்ட மாட்டாங்க. அதுக்கு மேல, கண்ணை மூடிக்கச் சொல்லுங்க, இல்லைன்னா ஒளி புகாத கண்ணாடி, சத்தம் உள்ள சோதனைன்னா ஹெட்போன்ல பாட்டு. எப்போ வேணும்னாலும் நிறுத்தலாம்னு கடைசியில சொல்ல மறக்காதீங்க.

பாதிக்கணக்கு

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் வடிவமைப்பிலேயே ஓட்டை இருக்கிறது. 14 ட்ரயல், ஒவ்வொன்றும் 60 விநாடி வரை என்றால் பழக்கும் கட்டமே 14 நிமிடம் போகலாம். அதன்மேல் சோதனைக் கட்டம் 6 நிமிடம். இடையிடையே கவனம் இழுக்கும் படம் வேறு. 7 மாதக் குழந்தையிடம் 20 நிமிடம் கேட்பது பேராசை. ட்ரயல் உச்சவரம்பை 20 முதல் 30 விநாடிக்குள் கொண்டுவாருங்கள், பழக்கும் ட்ரயலை 12ஆகக் குறையுங்கள். அழுகை பெரும்பாலும் சோதனைக் கட்டத்தில்தான் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், நீளம்தான் காரணம்.

பழகாத இரண்டு குழந்தைகளின் முதல் மூன்று ட்ரயலை எடுத்துப் பாருங்கள். சாதாரணமாக 18, 14, 10 விநாடி என்று தொடங்கினால் மொத்தம் 42, பாதி 21. பிறகு 7, 6, 4 என்று வரும்போது 17, கணக்கு முடிந்தது. ஆனால் குழந்தை இன்னும் மடியில் சரியாக அமரவில்லை, முதல் மூன்று 5, 4, 6 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15, பாதி 7.5. இனி மூன்று ட்ரயலின் கூட்டல் 7.5க்குக் கீழே வர வேண்டும், அதாவது சராசரி 2.5 விநாடி. குறைந்தபட்சப் பார்வை 2 விநாடி என்று விதி வைத்திருந்தால் இது ஏறக்குறைய நடக்காது. குழந்தை பழகித்தான் இருக்கும், உங்கள் கணக்குதான் ஒத்துக்கொள்ளாது. இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் மூன்று ட்ரயலின் கூட்டல் ஒரு கீழ்வரம்பை, உதாரணமாக 12 விநாடியை, தாண்டிய பிறகே அதை அடிப்படையாக ஏற்பது ஒன்று. எந்த மூன்று தொடர் ட்ரயலின் கூட்டல் அதிகமோ அதில் பாதியை இலக்காக வைப்பது இன்னொன்று. உங்கள் பிரச்சினைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். 15 என்பது 12ஐத் தாண்டிவிடுகிறதே!

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மூன்று ட்ரயல் ஜன்னலை 1-3, 2-4, 3-5 என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால், யாரோ கதவைச் சாத்திய சத்தத்தில் தற்செயலாக வந்த சரிவைக்கூடப் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளும். 1-3, 4-6, 7-9 என்று ஒட்டாத தொகுதிகளாகப் பார்த்தால் இது குறையும், ஆனால் ட்ரயல் கூடும். எதைத் தேர்ந்தாலும் எழுதி வையுங்கள்.

கீ அழுத்துபவரைப் பற்றி ஒன்று. அவருக்குத் திரையில் ஓடுவது தெரியக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மென்பொருள் சாளரத்தின் மூலையில் "சோதனை 2, புதியது" என்று ட்ரயல் பெயர் ஓடிக்கொண்டிருக்கும்! பெற்றோரின் கண்ணாடியிலும் திரை பிரதிபலிக்கும். ஸ்பீக்கர் சத்தம் சுவரைத் தாண்டும். மூன்றையும் நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து சரிபாருங்கள்.

ஃப்ரேம்33

காப்பா கேள்விக்கு மட்டும் பதில். கோடர்களைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் போடுங்கள்.

காப்பா என்பது தற்செயல் ஒற்றுமையைக் கழித்த பிறகு மிஞ்சுவது. இந்தச் சோதனையில் பார்வை விலகி 2 விநாடி ஆனாலே ட்ரயல் முடிந்துவிடுகிறது. ஆகவே ட்ரயலுக்குள் இருக்கும் ஃப்ரேம்களில் பெரும்பங்கு "பார்க்கிறது" தான். இருவரும் 90 சதவீத ஃப்ரேம்களை அப்படிக் குறித்தால் தற்செயலாகவே 0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82 ஒத்துப்போகும். உங்கள் 0.93இல் அதைக் கழித்தால் 0.11. அதை 1 − 0.82 = 0.18ஆல் வகுத்தால் 0.61. உங்கள் எண் அப்படியே வந்துவிட்டது. இதே 93 சதவீத ஒற்றுமை, பார்ப்பதும் பார்க்காததும் சரிபாதியாக இருக்கும் தரவில் 0.86 காட்டியிருக்கும். நீங்கள் ஆய்வில் பயன்படுத்தும் எண் ட்ரயலுக்கான மொத்தப் பார்வை நேரம். அதற்கு இருவரின் ட்ரயல் நேரங்களுக்கிடையே ஐசிசி (இருவரின் எண்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு), கூடவே ட்ரயலுக்குச் சராசரியாக எத்தனை மில்லி விநாடி வித்தியாசம் என்பது, இரண்டையும் கொடுங்கள். காப்பாவையும் ஒற்றுமைச் சதவீதத்தோடு சேர்த்துப் போடலாம், மறைக்க வேண்டியதில்லை.

அதற்காக அந்த 7 சதவீதத்தை விட்டுவிடக்கூடாது. முரண்படும் ஃப்ரேம்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள், மூன்று இடத்தில்தான் குவிந்திருக்கும். முதலாவது கண் சிமிட்டல்: சிமிட்டலுக்கு முன்னும் பின்னும் பார்வை திரையில் இருந்து, மூடிய நேரம் 10 ஃப்ரேமுக்குள் இருந்தால் பார்வையாகவே எடுப்பது என்று ஒரு விதி போதும். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 33 மில்லி விநாடி, பத்து ஃப்ரேம் மூன்றில் ஒரு விநாடி. இரண்டாவது, பார்வை நகரத் தொடங்கும் ஃப்ரேமா, போய்ச் சேரும் ஃப்ரேமா என்ற குழப்பம். ஒன்றைத் தேர்ந்து கையேட்டில் படத்தோடு போடுங்கள்.

மூன்றாவதுதான் இந்த வயதின் தனிச்சிறப்பு: கால். 7 மாதக் குழந்தை மடியில் அமர்ந்தால் கொஞ்ச நேரத்தில் தன் பாதத்தைக் கண்டுபிடித்துவிடும். இமை பாதி தாழ்ந்திருக்கும், கண்மணி கீழே இருக்கும். திரையின் அடிவிளிம்பைப் பார்க்கிறதா, கட்டை விரலைப் பார்க்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்குக் கோடிங் கையேட்டில் மருந்து இல்லை, பதிவின்போதுதான் உண்டு. சோதனைக்கு முன் கவனம் இழுக்கும் படத்தைத் திரையின் நான்கு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் காட்டிப் பதிவு செய்யுங்கள். அந்தக் குழந்தையின் கண், அடிவிளிம்பைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே அளவுகோல். கோடர் ஒவ்வொரு வீடியோவையும் தொடங்கும் முன் அந்த ஐந்தையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சாக்ஸ் போட்டுவிட்டால் காலின் கவர்ச்சியும் கொஞ்சம் குறையும்.

கேமரா ஃப்ரேம் வேகம் மாறாததாக இருக்கட்டும். மாறும் வேகத்தில் பதிவான கோப்பை டேட்டாவியூ, எலான் போன்ற வீடியோ கோடிங் மென்பொருளில் திறந்தால் ட்ரயல் குறிகள் மெல்ல மெல்ல நழுவும், கடைசி ட்ரயலில் நன்றாகவே தெரியும். கோடிங்குக்கு முன் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு ட்ரயல் தொடக்கத்திலும் ஒரு பீப் பதிவாகும்படி வையுங்கள். கோடர் சத்தத்தை அணைத்துக்கொண்டு வேலை செய்யட்டும், பீப்பை ஒத்திசைவுக்கு மட்டும் வேறொருவர் பார்க்கலாம். ஒற்றுமை பார்க்க இரண்டாம் கோடருக்குப் போகும் 25 சதவீத வீடியோ முன்கூட்டியே குலுக்கல் முறையில் எடுத்ததாக இருக்க வேண்டும். "தெளிவாக இருக்கும் வீடியோ" என்று பொறுக்கினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

உருட்டுபந்து

வாசல்மேசை சொன்ன பந்து விளையாட்டைப் பற்றி ஒரு மறுப்பு. வரவேற்பறையில் நீண்ட நேரம் விளையாட விடுவது 7 மாதத்துக்குப் பாதகம். தெளிவான நேரத்தைப் பந்து தின்றுவிடும். 5 நிமிடம் போதும். நீண்ட அறிமுகம் 3, 4 வயதுக்குத்தான் தேவை, அங்கே குழந்தை பேச வேண்டுமே. அந்த அறையில் இருக்கும் பொம்மை திரையில் வரும் பொருள் மாதிரி இருக்கவும் கூடாது. வாயில் வைத்த பொம்மைக்குத் தனிக் கூடை வையுங்கள், கழுவிய பிறகே அடுத்த குழந்தைக்கு. தொண்டையில் சிக்கும் ஆபத்து இருப்பதால், 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுசாக அடங்கும் எந்தப் பொருளும் அந்த அறைக்குள் இருக்கக்கூடாது.

வயதைக் கணக்கிடுவதையும் பாருங்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்த (குறைமாத) குழந்தையா என்று போனிலேயே கேட்க வேண்டும், வந்த பிறகு கேட்டால் ஒரு செஷன் வீண். அந்தக் குடும்பத்தை வேறொரு ஆய்வுக்கு அழைக்கலாம், பட்டியலிலிருந்து தூக்கிவிடாதீர்கள்.

திரைக்குப்பின்

எல்லோருக்கும் நன்றி. பதிவைப் பார்த்தேன்: ஆறில் நான்கு அழுகை 15ஆவது ட்ரயலுக்குப் பிறகு. பழகாத இரண்டில் ஒன்றின் முதல் மூன்று ட்ரயல் மொத்தம் 13 விநாடி. இப்போது உச்சவரம்பை மாற்றினால் ஏற்கெனவே தேறிய 9 பேரை என்ன செய்வது? இன்னொன்று, வாய்ச் சூப்பான் கொடுக்கலாமா?

பாதிக்கணக்கு

அந்த 9ஐப் புது முறைத் தரவோடு கலக்காதீர்கள். ட்ரயல் நீளம் மாறினால் பார்வை நேரத்தின் பரவலே மாறும், 30இல் வெட்டிய எண்ணையும் 60 வரை ஓடிய எண்ணையும் ஒரே பத்தியில் வைக்க முடியாது. அவர்களை முன்னோட்டம் என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். திட்டத்தை முன்பதிவு (தரவு எடுக்கும் முன்பே பொதுத் தளத்தில் பதிந்து வைப்பது) செய்திருந்தால் மாற்றத்தையும் தேதியையும் காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள். சோதனைக் கட்ட முடிவுகளை நிலை வாரியாக (பழையது, புதியது என்று) பிரித்துப் பார்க்கும் முன் இதைச் செய்ய வேண்டும், பார்த்த பிறகு என்றால் நம்பமாட்டார்கள். நெறிமுறைக் குழுவுக்கும் திருத்தம் அனுப்பிவிட்டு, ஒப்புதல் வந்த பின்பே அடுத்த குழந்தை. எண்ணிக்கையைக் கூட்டுவது இதெல்லாம் முடிந்த பிறகு.

அதோடு, செய்முறையை ஒரு தடவை முழுசாக வீடியோ எடுத்து வையுங்கள். பல லேப்கள் சேர்ந்து நடத்தும் மெனிபேபிஸ் என்ற குழந்தை ஆய்வுத் திட்டத்தின் முதல் ஆய்வில் 67 லேப்கள், 2,329 குழந்தைகள் சேர்ந்து ஒரே கேள்வியைச் சோதித்தார்கள், முடிவு 2020இல் வெளியானது. அளக்கும் முறையைப் பொறுத்தே விளைவின் அளவு மாறியதை அதில் பார்க்கலாம். உங்கள் மூன்று மாணவர்களும் ஒரே மாதிரி செய்கிறார்களா என்பதற்கு அந்த வீடியோதான் சாட்சி.

வாசல்மேசை

சூப்பான்: எல்லாருக்கும் ஒரே விதி. கொடுக்கலாம்னா அழ ஆரம்பிச்ச பிறகு மட்டும், எத்தனையாவது ட்ரயல்ல கொடுத்தீங்கன்னு குறிச்சு. ஒளி ஊடுருவுற, சின்ன மூடி உள்ளதா இருக்கட்டும். பெரிய வண்ண மூடி கேமராவுல கன்னத்தை மறைச்சு, கோடருக்குத் தலை திரும்பினது தெரியாமப் போயிடும். வீட்டுல சூப்பான் பழக்கமே இல்லாத குழந்தைக்கு லேப்ல புதுசா அறிமுகப்படுத்தாதீங்க.