வாடைக்காற்றில் நத்தார் (கிறிஸ்மஸ்) பலகாரம்: நமத்துப் போகாமல், மூன்று வீட்டுக்கும் பொருந்துகிற மாதிரி என்ன செய்யலாம்?

மட்டிக்களி மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் எங்கள் வீட்டில் இந்த வருடம் நத்தார்ப் பலகாரம் முழுவதும் என் தலையில். மாமிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, அடுப்பு வெக்கைப் பக்கமே போகக்கூடாதாம். கதிரையில் இருந்து சொல்லித்தருகிறேன், நீ செய் என்கிறார். அவருடைய அளவுகளோ "கை பார்த்துப் போடு", "மணம் வர இறக்கு" என்ற கணக்குத்தான். நான் மட்டக்களப்பில் சைவ வீட்டில் வளர்ந்தவள். முறுக்கு, அரியதரம், பயற்றம் பணியாரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கேக்கும் பிஸ்கட்டும் அவ்வளவாகப் பழக்கமில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டுத் தட்டு போகிற இடங்கள் மூன்று விதம். பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம். பெருநாளுக்கு வட்டிலப்பம் தவறாமல் வரும், நாங்களும் தவறக்கூடாது. பின்வளவில் சைவக் குடும்பம். டிசம்பர் கடைசியில் பிள்ளையார் கதை விரதமும் திருவெம்பாவையும் அடுத்தடுத்து வந்துவிடும், முட்டை சேர்ந்த எதையும் தொடமாட்டார்கள். மூன்றாவது, பாலையூற்றில் இருக்கும் மாமியின் ஆட்கள். பிராண்டி விடாத ரிச் கேக்கை அவர்கள் கேக் என்றே சொல்லமாட்டார்கள்.

இதற்குள் மழை வேறு. வீட்டில் பட்டர் பிஸ்கட் சுட்டால் அன்று நன்றாக உடைகிறது, இரண்டு நாளில் வளைகிறது. எங்களிடம் இருப்பது மேசையில் வைக்கிற சின்ன கரண்ட் அவன் (கேக் சுடுகிற அடுப்பு). எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது? மூன்று வீட்டுக்கும் மூன்று விதமாகச் செய்யத்தான் வேண்டுமா?

போறணைக்காரர் எழுதியது:

பிள்ளை, நான் பேக்கரி வேலையிலேயே தலை நரைத்தவன். இப்போது வீட்டில் இருந்து ஓடருக்கு மட்டும் கேக் அடிக்கிறேன். கேட்டபடியால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

எங்கள் ஊரில் நவம்பர், டிசம்பர் ஒவ்வொரு மாதமும் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வருடத்து மழையில் ஏறத்தாழப் பாதி இந்த இரண்டு மாதத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. அந்தக் காற்றில் சீனி சேர்ந்த எந்தப் பலகாரமும் தண்ணீர் இழுக்கும். கச்சான் காற்றடிக்கிற வறண்ட காலத்தில் திறந்து வைத்தாலும் கிடக்கிற பிஸ்கட், மாரியில் ஒரு இரவு மேசையில் கிடந்தால் போதும், போய்விடும். கொழும்பு ஆட்கள் எழுதுகிற குறிப்பில் "இரவு முழுவதும் ஆறவிடவும்" என்று இருக்கும். அதைக் கேட்காதீர்கள். சூடு அடங்கிய உடனே டின்னுக்குள் போக வேண்டும். கடல் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டுச் சுடுங்கள். ஃபானுக்குக் கீழே ஆறவைப்பதும் வேண்டாம்.

பட்டர் பிஸ்கட்டை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். பட்டரில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டத் தண்ணீர்தான். மாஜரீனும் அப்படித்தான். நெய்யில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். அதனால் நெய் பிஸ்கட் மாரிக்குத் தாக்குப்பிடிக்கும். முட்டையும் தேவையில்லை, ஆகவே பின்வளவுக்காரருக்கும் ஆகும், பக்கத்து வீட்டுக்கும் ஆகும். மூன்று தட்டு என்று ஏன் தலையை உடைக்கிறீர்கள்? தட்டின் பெரும்பகுதி எல்லோரும் சாப்பிடக்கூடியதாக இருந்தால் வேலை பாதியாகிவிடும்.

அளவு சுலபம். நெய் ஒரு பங்கு, அரைத்த சீனி ஒரு பங்கு, கோதுமை மா இரண்டு பங்கு, எல்லாம் நிறையில். 125 கிராம் நெய் என்றால் 125 கிராம் சீனி, 250 கிராம் மா. ஒரு சிட்டிகை உப்பு, ஏலப்பொடி. பட்டரில் செய்கிறபோது உப்பு போடத் தேவையில்லை, இங்கே வருகிற பட்டர் பெரும்பாலும் உப்புப் பட்டர்தான். நெய் உருகி ஓடுகிற நிலையில் இருக்கக்கூடாது. ஃபிரிட்ஜில் வைத்துக் குருணையாகத் திரண்ட பிறகு எடுத்து, சீனியைப் போட்டு வெள்ளையாக வரும்வரை அடியுங்கள். மாவை அரிதட்டில் இரண்டு தரம் அரித்துச் சேர்த்து, விரல் நுனியால் கூட்டுங்கள். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரிப் பிசைந்தால் பிஸ்கட் கல்லாகிவிடும். கேக் மா கிடைக்கவில்லை என்று கவலை வேண்டாம், ஒரு கப் மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவுக்குச் சோள மா போட்டால் சரி. (நாட்டின் பெரிய மா ஆலை பக்கத்தில் சீனக்குடாவில் நிற்கிறது. எங்கள் சனமோ கேக் மாவுக்குக் கொழும்புக்குச் சொல்லி அனுப்புகிறது!)

சின்ன உருண்டையாகப் பிடித்து, முள்ளுக்கரண்டியால் மெல்ல அழுத்தி, அரை மணி நேரம் குளிரில் வைத்துவிட்டு 160 பாகையில் 15 முதல் 18 நிமிடம். மேசை அவனில் பின்பக்கம் கூடச் சூடேறும், பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். மேல்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும், அடி விளிம்பு மட்டும் பொன்னிறமாகும். அவனை நிறுத்திய பிறகு கதவிடுக்கில் ஒரு மர அகப்பைக் காம்பைச் செருகி, பிஸ்கட்டை உள்ளேயே கால் மணி நேரம் விடுங்கள். மாரிக்கு இது முக்கியம். ஆறியதும் ஒன்றை நடுவால் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் நடுவிலே ஒரு மங்கலான ஈரக்கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் காயவில்லை, திரும்ப 110 பாகையில் பத்து நிமிடம். அந்தக் கோடு இருக்கிற பிஸ்கட்தான் டின்னில் இருக்கிற மற்றதையும் சேர்த்துக் கெடுப்பது.

பெரிய டின் ஒன்றில் போட்டு வைத்து, வருகிற போகிற பிள்ளைகள் எல்லாம் திறந்தால் எந்தப் பிஸ்கட்டும் நிற்காது. வீட்டுக்கு ஒரு சின்ன டின் என்று பிரித்து, மூடி விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். கேக்கையும் பிஸ்கட்டையும் ஒரு டின்னில் போடவே வேண்டாம், கேக்கின் ஈரம் முழுக்கப் பிஸ்கட்டுக்குப் போய்விடும்.

இனி ரிச் கேக். ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 300, மஞ்சட்கரு பத்து, வெள்ளைக்கரு ஐந்து. சுல்தானா, முந்திரிகை வற்றல், பூசணிப் பாகு, இஞ்சிப் பாகு, சௌசௌப் பாகு, செர்ரி, கஜு (மரமுந்திரிப் பருப்பு) எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ. கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய் பொடியாக. தேன், ரோஸ் எசன்ஸ், வனிலா. ரவையை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, பட்டரில் கலந்து சில மணி நேரம் ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் நறநறக்கும். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கடைசியில். தட்டுக்குக் காகிதம் நான்கைந்து மடிப்பு, மேலே எண்ணெய்த்தாள். 150 பாகையில் இரண்டு, இரண்டரை மணி நேரம். மேசை அவனில் மேல்கம்பி கிட்ட இருப்பதால், முகம் நிறம் பிடித்தவுடன் ஒரு தாளால் மூடிவிடுங்கள்.

பிராண்டிப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. பழத்தை பிராண்டியில் ஊறவிடாமல், தோடம்பழச் சாறும் தேனும் விட்டு அடுப்பில் மெல்லக் கொதிக்கவிட்டு, சாறு வற்றியதும் இறக்கி ஒரு இரவு வையுங்கள். பச்சைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவிட்டால் அது தானாகப் புளித்துச் சாராயத்தன்மை வந்துவிடும், பிறகு பிராண்டி விடாததற்கே அர்த்தமில்லை. ஒரே கலவையை இரண்டு தட்டில் ஊற்றிச் சுடுங்கள். வெந்து இறக்கிய பிறகு பாலையூற்றுக்குப் போகிற தட்டுக்கு மட்டும் பிராண்டி தடவுங்கள். தடவாததை நன்றாக ஆறவிட்டு, இறுக்கிச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து நாளுக்குப் பயமில்லை. சூட்டோடு சுற்றினால் பூஞ்சணம் பிடிக்கும்.

கிண்ணியா ராத்தா எழுதியது:

போறணைக்கார ஐயா சொன்னது எல்லாம் நல்லது, ஒன்றைத் தவிர. "எல்லோரும் சாப்பிடக்கூடியது" என்று சொல்லி எங்களுக்கு வெறும் பிஸ்கட்டை அனுப்பிவிடாதீர்கள் தங்கச்சி. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பதே அந்தக் கேக் துண்டுக்குத்தான், எண்ணெய்த்தாளில் சுற்றி இரண்டு பக்கமும் முறுக்கி வருமே, அதற்கு.

பிராண்டி தடவுகிற தூரிகை, வெட்டுகிற கத்தி, பலகை எல்லாம் வேறாக இருக்கட்டும். எங்கள் பங்கை முதலில் வெட்டிச் சுற்றிவிட்டுப் பிறகு போத்தலைத் திறப்பது இன்னும் இலகு. எசன்ஸ் போத்தலையும் பாருங்கள், சிலதில் அற்ககோல் இருக்கும். ஹலால் முத்திரை இருந்தால் யோசிக்கத் தேவையில்லை. கேக்குக்கு மேலே அலங்காரத்துக்கு மாஷ்மலோ, ஜெலி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜெலட்டின் எதில் இருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். கஜுவை அரைத்துச் செய்கிற ஐசிங்கே அதைவிட ருசி.

தட்டோடு ஒரு வார்த்தை, "இதில் ஒன்றும் சேரவில்லை" என்று சொல்லி அனுப்பினால் போதும். நீங்கள் சொல்லாவிட்டால் நாங்களும் கேட்கமாட்டோம், வாங்கி மரியாதையாக வைத்துவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம். அதுதான் உண்மை.

திருக்கடலூர் அக்கா எழுதியது:

பின்வளவுக்காரர் சார்பில் நான் பேசுகிறேன். பிள்ளையார் கதை 21 நாள். பிடிக்கிறவர்கள் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருப்பார்கள். தட்டு வந்தாலும் உடனே தொடாமல் விரதம் முடிந்த பிறகு சாப்பிட எடுத்து வைக்கிறவர்களும் உண்டு. ஆகவே அங்கே போவது கெடாத பலகாரமாக இருக்க வேண்டும்.

பயற்றம் பணியாரம் உங்களுக்குக் கைவந்தது என்கிறீர்கள், அப்புறம் என்ன? ஆனால் மாரியில் தேங்காய்ப்பூவை அரைவாசி வறுத்துப் போட்டால் ஊசிப்போகும். கையில் எடுத்தால் சரசரக்கிற அளவுக்குச் சிவக்க வறுக்க வேண்டும். மிளகும் சீரகமும் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள். மாவில் தோய்த்துப் பொரித்தால் அந்தத் தோல் இரண்டு நாளில் தொய்ந்துவிடும், அதனால் பொரிக்காமல் வெறும் உருண்டையாகவே அனுப்புங்கள். பால் டொபியும் நல்லது, முட்டை இல்லை. மழை நாளில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் கிண்டி இறக்குங்கள், இல்லாவிட்டால் வெட்டிய துண்டு ஒன்றோடொன்று ஒட்டும். ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றுவது கட்டாயம்.

முக்கியமாக, குசினியில் முதல் முட்டை உடைபடுவதற்கு முன்பே இதையெல்லாம் முடித்து டின்னில் அடைத்துவிடுங்கள். அதே தட்டு, முட்டை அடித்த அதே பீற்றர் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

மட்டிக்களி மருமகள்:

மூன்று பேருக்கும் பெரிய நன்றி. எல்லாவற்றையும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ரவையைச் சில மணி நேரம் ஊறவிட்டால் போதாதாம், முதல் நாள் இரவே பட்டரில் போட வேண்டுமாம். ஐயாவிடம் கட்டாயம் சொல் என்றார், சொல்லிவிட்டேன். கேக் துண்டு கிண்ணியா ராத்தா சொன்னபடியே முதலில் சுற்றப்படும்.

ஒரு கேள்வி மிச்சம். நெய் பிஸ்கட் மாவை முன்கூட்டியே கூட்டி வைத்துவிட்டு, 23ஆம் திகதி சுட முடியுமா? கொக்கிஸ் அச்சு ஒன்றும் வீட்டில் கிடக்கிறது. அதையும் மாமி எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

போறணைக்காரர்:

மாமி சொல்வது சரி, இரவே போடுங்கள். நான் அவசரக்காரருக்கு எழுதினேன்.

மாவைத் தாராளமாகக் கூட்டி வைக்கலாம். உருளையாக உருட்டி, எண்ணெய்த்தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள், ஃபிரீஸரில் இரண்டு வாரம் கிடக்கும். எடுத்த உடனே வெட்டினால் நெய் இறுகி நொறுங்கும், பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு வில்லையாக வெட்டிச் சுடுங்கள். கரண்ட் போகிற நாளாகப் பார்த்து ஃபிரீஸரை நம்ப வேண்டாம். மழை நாளில் எது எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

கொக்கிஸை 24 மாலைக்கு வையுங்கள், அன்று பொரித்து அன்றே சாப்பிடுகிற பண்டம். அரிசி மா, தேங்காய்ப்பால், மஞ்சள் கொஞ்சம், முட்டை ஒன்று. அச்சை எண்ணெயிலேயே நன்றாகச் சூடாக்கி, முக்கால்வாசி மட்டும் கரைசலில் தோயுங்கள். மேல்விளிம்பு மூடப்பட்டால் கழன்று வராது.

பூசணிப் பாகும் கஜுவும் இந்தக் கிழமையே மத்திய வீதியில் வாங்கி வைத்துவிடுங்கள். 20ஆம் திகதிக்குப் பிறகு போனால் நல்லது இருக்காது, இருப்பதும் ஆனை விலை.