உணவகங்கள் போசணை விபரங்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்

வணக்கம். என் தந்தையாருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னர் இன்சுலின் ஏற்றிக்கொள்கிறார். வீட்டில் சோற்றையும் பிட்டையும் கோப்பையால் அளந்து பரிமாறுவதால் மருந்தின் அளவில் தடுமாற்றம் வருவதில்லை. வெளியே சாப்பிடும்போதுதான் எல்லாம் குருட்டுக் கணக்காகிவிடுகிறது.

சென்ற வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் காலி வீதியிலுள்ள ஓர் உணவகத்தில் அமர்ந்தோம். அப்பா தோசையுடன் எழுந்திருப்பார். பேரன் ஆசைப்பட்டதற்காக வரவழைத்த பலூடாவை அவன் கால்வாசியில் வைத்துவிட, மிச்சத்தை வீணாக்க மனமின்றி அவர் குடித்துவிட்டார். இரவு விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 312 இருந்தது. அதே மேசையில் இருந்த மென்பானப் போத்தல் தன்னிடம் எவ்வளவு சீனி இருக்கிறது என்பதை நிறக் குறியீட்டால் சொல்லிக்கொண்டிருந்தது. 2016 முதல் அது சட்டம். பக்கத்திலிருந்த பலூடாக் குவளைக்கு மட்டும் எந்தக் கடப்பாடும் இல்லை. முகாமையாளரிடம் கேட்டேன். இதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை என்று மரியாதையாகவே சொன்னார்.

கொழும்பு உணவகங்கள் தாம் பரிமாறும் உணவின் கலோரி, சீனி, உப்பு, மாப்பொருள் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று கோருவது நியாயமா? நடைமுறையில் இயலுமா?

பதில் 1: கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை நடத்துபவர்

தங்கை, உங்கள் தந்தையார் நலமாக இருக்க வேண்டும். கடை நடத்துபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி, ஒரே பெயரில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே பொருந்தும். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் 250 ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ளவர்கள் கலோரியைக் காட்ட வேண்டும். என்னிடம் வேலை செய்பவர்கள் ஏழு பேர். பெரிய கிளை நிறுவனங்களில் இறைச்சித் துண்டு முதல் சோஸ் வரை நிறுத்து வருவதால் அவர்களுக்கு இது பெரிய வேலையல்ல. அந்த நிறுவனங்களிடம் கொழும்பிலும் கேட்பதில் தவறே இல்லை. எங்களைப் போன்ற கடைகளிலோ ஒரே கொத்து ரொட்டியை இரண்டு பேர் போட்டால் அது இரண்டு சாப்பாடு. கறி கொஞ்சம் கூடும், முட்டை ஒன்று குறையும், கேட்பவருக்குக் குழம்பு கூடுதலாக ஊற்றப்படும். அதற்கு ஓர் எண்ணை எழுதி ஒட்டினால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு இதய நோய் வந்த பிறகு, கடையில் எவ்வளவு எண்ணெய் போகிறது என்று ஒரு வாரம் கணக்கெடுத்தேன். மாலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது போத்தல்களை அளந்து வைப்பேன். இரவு கடை அடைக்கும்போது மீதியைப் பார்ப்பேன். 60 கொத்துக்கு 3 லீற்றர். ஒரு தட்டுக்கு 50 மில்லிலீற்றர், அதாவது ரொட்டியையும் கோழியையும் எண்ணுவதற்கு முன்னரே 400 கலோரிக்கு மேல். கொத்துப் போடும் பாஸ் போத்தலைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்ததை நான் எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். மறுநாள் ஓர் அளவுக் கரண்டி வாங்கிக் கொடுத்தேன். இப்போது 2 லீற்றர் போதும். சுவை குறைந்துவிட்டது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

பதில் 2: தெஹிவளையைச் சேர்ந்த ஒரு தாய்

எல்லோருக்கும் இது நன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்கிறேன். என் மகள் 16 வயதில் உணவுக்கு அஞ்சி மெலிந்து மருத்துவமனையில் இருந்தவள். ஒரு பிஸ்கட்டின் கலோரியைக்கூட மனப்பாடமாகச் சொல்வாள். குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுவதுதான் அவள் மீண்டுவந்த வழி. அங்கே கணக்கு இருக்கவில்லை. ஒவ்வொரு உணவின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் இருந்திருந்தால் அவள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்திருப்பாள். இங்கிலாந்தின் விதியில்கூட, கேட்பவருக்கு எண்ணில்லாத உணவுப் பட்டியலைக் கொடுக்க இடம் வைத்திருக்கிறார்கள். இங்கே விதி வருமானால் அந்த வாசலும் திறந்திருக்கட்டும்.

பதில் 3: போசணைத் துறையில் பணியாற்றுபவர்

தாயாரின் அச்சம் முற்றிலும் நியாயமானது. கலோரி எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுவதால் கிடைக்கும் பலனும் நாம் நினைப்பதைவிடச் சிறியது: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2025 இல் வெளியிட்ட மீளாய்வு 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 600 கலோரி கொண்ட ஒரு வேளை உணவில் சராசரியாக 11 கலோரியே குறைந்திருந்தது. இரண்டு பாதாம் பருப்பு அளவு.

எனினும் சகோதரி கேட்டிருப்பது உடல் இளைக்க உதவும் எண்ணை அல்ல; இன்சுலின் போடுபவருக்கு மாப்பொருளின் அளவு மருந்துச் சீட்டைப் போன்றது. அவித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள் உண்டு. ஆகவே சோற்றுப் பார்சலில் 450 கிராம் சோறு என்று கடைக்காரர் நிறையை மட்டும் சொன்னாலே போதும், 126 கிராம் என்று நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். நிறைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, தராசு போதும். உப்புக்கும் எண் தேவையில்லை. நியூயோர்க் நகரத்தில் 2015 முதல், 2,300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் உள்ள உணவுக்குப் பக்கத்தில் பெரிய கிளை நிறுவனங்கள் ஓர் உப்புக் குப்பியின் படத்தைப் போட வேண்டும். அந்தச் சோடியம் சுமார் 6 கிராம் உப்புக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவோ 5 கிராமுக்குக் குறைவு. பிரஷர் உள்ளவருக்கு அந்தப் படம் போதும், உணவுக்கு அஞ்சும் பிள்ளையை அது உறுத்தாது.

கொட்டாஞ்சேனை ஐயா சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். சாப்பிடுபவர் படிக்கிறாரோ இல்லையோ, எழுத வேண்டும் என்ற நிலை வந்தால் சமைப்பவர் அளந்தாக வேண்டும். அவருடைய கடையில் ஒவ்வொரு தட்டிலும் எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, எந்தப் பலகையும் எழுதப்படாமலே.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அம்மா, உங்கள் மகளின் நிலையை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் கலோரி எழுத வேண்டும் என்ற என் கோரிக்கையை அந்த அளவில் மாற்றிக்கொள்கிறேன். கேட்டால் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

நேற்று அதே உணவகத்துக்கு மீண்டும் போனேன். ஐயா சொன்ன எண்ணெய்க் கணக்கை முகாமையாளரிடம் சொன்னபோது அவர் என்னைச் சமையலறை வாசல்வரை அழைத்துச் சென்று, பலூடா கலக்குபவரிடம் கேட்டார். சிரப் அளக்கும் கரண்டி 30 மில்லிலீற்றர். ஒரு குவளைக்கு மூன்று கரண்டி. சிரப் போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். 100 மில்லிலீற்றருக்குச் சீனி 65 கிராம் என்று அதன் முதுகில் அச்சிடப்பட்டிருந்தது. ஐஸ்கிறீமைச் சேர்க்காமலே ஒரு குவளையில் 58.5 கிராம் சீனி. அந்த விபரம் இத்தனை நாளும் சமையலறைத் தட்டில்தான் இருந்திருக்கிறது. முகாமையாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, ஒரு கரண்டி சிரப்புடன் கேட்டாலும் கலந்து தருவோம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவுடன் போய் அப்படிக் கேட்கப்போகிறேன்.