டிவி விவாதம் பார்த்து ஓட்டு மாறுமா?

வாசகன்: வேட்பாளர்கள் நேருக்கு நேர் மோதுவதைப் பார்த்து யாராவது ஓட்டை மாற்றிப் போடுகிறார்களா? எல்லோரும் 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிவியில் நடந்த கென்னடி–நிக்சன் விவாதத்தையே உதாரணம் காட்டுகிறார்கள்.

மாறன்: மாற்றுபவர்கள் குறைவுதான். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் குழு ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பப் பேட்டி கண்டது. கட்சி மாறியவர்கள் சொற்பம். பெரும்பாலோருக்குப் பிரசாரம் பழைய முடிவையே கெட்டிப்படுத்தியது. பத்திரிகை, ரேடியோவைவிட, விவரம் தெரிந்த பக்கத்து ஆள் சொல்வதுதான் எடுபட்டது.

கயல்: கென்னடி கதையை அப்படியே நம்பிவிடாதீங்க. ‘டிவியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி ஜெயித்தார், ரேடியோவில் கேட்டவர்களுக்கு நிக்சனே ஜெயித்தார்’ என்பதற்கு முக்கிய ஆதாரம் ஒரு சின்னக் கருத்துக்கணிப்பு. கேட்டவர்கள் ஏற்கெனவே யார் பக்கம் என்று அதில் பிரித்துப் பார்க்கவே இல்லை. விவாதத்தின் பலனை அளக்க, அதே ஆட்களிடம் முன்னும் பின்னும் கேட்க வேண்டும். பின்னால் மட்டும் கேட்டால் அவரவர் கட்சிக்காரர்தான் வென்றிருப்பார்!

மாறன்: சரிதான். ஆனால் மக்களே உட்கார்ந்து பேசும் விவாதம் வேறு ரகம். அமெரிக்க அரசியல் அறிஞர் ஃபிஷ்கினின் முறையில் ஆட்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, ஒரு கேள்வித்தாளில் கருத்துக் கேட்டுவிட்டு, இரு தரப்பு வாதங்களும் உள்ள குறிப்பை முன்கூட்டியே கொடுப்பார்கள். பிறகு நடுவரோடு சிறு குழுப் பேச்சு, நிபுணர்களிடம் கேள்வி, கடைசியில் அதே பழைய கேள்வித்தாள். கருத்து நகர்வது இங்கேதான் தெரியும். குலுக்கலை விட்டுவிட்டு விருப்பப்பட்டவர்களைச் சேர்த்தால், முடிவெடுத்துவிட்டவர்களே வந்து நிரம்புவார்கள். நடுவர் அசந்தால் இரண்டு பேரே பேசி முடித்துவிடுவார்கள்.